பிளேட்லெட் பயமும் ஐடிபி என்னும் நோயும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தமிழ்நாட்டு ஆஸ்பத்திரி வார்டு வாசல்களில் ஒரு எண் கிரிக்கெட் ஸ்கோரைப்போலப் பரிமாறப்படும். ‘நேத்து ராத்திரி அறுபதாயிரம் இருந்தது, காலையில முப்பத்தெட்டு’ என்று ஒரு குடும்பம் சொன்னால், ‘எங்களுக்கு இருபத்திரண்டுக்கு வந்திருச்சு’ என்று அடுத்த குடும்பம் கலங்கும். டெங்கு நமக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இது. ரத்தத் தட்டணு என்ற பெயரைக் கேள்விப்படாதவர்களுக்குக்கூட பிளேட்லெட் தெரியும். அது குறைந்தால் ஆபத்து என்பதும் தெரியும். இந்த விழிப்புணர்வால் நன்மை இல்லாமல் இல்லை. காய்ச்சல்காரரை வீட்டிலேயே வைத்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துவர வைத்தது அதுதான். ஆனால் அதே பயம் டெங்குவுக்குச் சம்பந்தமில்லாத இன்னொரு நோயாளியைப் பிடித்துக்கொள்ளும்போது கேடாக முடிகிறது. ஐடிபி என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்லும் அந்த நோயில் வைத்தியம் பார்க்க வேண்டியது ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணுக்கா, உடம்பில் தெரியும் ரத்தக் கசிவுக்கா என்ற கேள்விக்கு மருத்துவ உலகம் ஏறக்குறைய விடை கண்டுவிட்டது. கசிவுக்குத்தான். நம் வீடுகளும் பரிசோதனைக் கூடங்களும், ஓரளவுக்கு ஆஸ்பத்திரிகளும், இன்னும் எண்ணையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

தட்டணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உள்ள மெகாகேரியோசைட் என்ற பெரிய செல்களிலிருந்து உதிரும் மிகச் சிறிய துணுக்குகள். ரத்தக் குழாயில் எங்காவது கீறல் விழுந்தால் முதலில் போய் ஒட்டிக்கொண்டு ஓட்டையை அடைப்பவை இவையே. ஆரோக்கியமானவரின் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்கும்; ஒவ்வொன்றின் ஆயுளும் 7 முதல் 10 நாள். கிருமிகளை அழிக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம், ஐடிபி வந்தவர்களின் உடம்பில் குறி தவறி, சொந்தத் தட்டணுக்கள் மீதே எதிர்ப்பான்களை ஒட்டவிடுகிறது. அப்படி அடையாளம் இடப்பட்ட தட்டணுக்களை முக்கியமாக மண்ணீரல் பிடித்து அழித்துவிடுகிறது. நாள்கணக்கில் வாழ வேண்டியவை மணிக்கணக்கில் முடிந்துபோகின்றன. மஜ்ஜையில் நடக்கும் உற்பத்தியும் கொஞ்சம் மந்தப்படுகிறது. எண்ணிக்கை 1 லட்சத்துக்குக் கீழே போய், அதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை என்று உறுதியானால்தான் ஐடிபி என்று முடிவுக்கு வருவார்கள். இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. ரத்தப் புற்றுநோயாக மாறிவிடும் என்று பயப்படவும் வேண்டியதில்லை.

முக்கியமான குறை மஜ்ஜையில் இல்லை, ரத்தத்தில் சுற்றிவரும் ஏதோ ஒன்றில் இருக்கிறது என்பது தெரியவந்த விதமே ஒரு துணிச்சல்காரக் கதை. 1916-ல் பிராகு நகரில் பால் காஸ்னெல்சன் என்ற மருத்துவ மாணவர், தட்டணுக்களை மண்ணீரல்தான் அழிக்கிறது என்று ஊகித்து, தன் பேராசிரியரைச் சம்மதிக்க வைத்து ஒரு பெண்ணின் மண்ணீரலை அகற்றச் செய்தார். எண்ணிக்கை ஏறியது. ஆனால் மண்ணீரல் ஏன் அழிக்கிறது என்பது விளங்கவில்லை. 1950-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வில்லியம் ஹாரிங்டன் என்ற இளம் மருத்துவர் ஐடிபி நோயாளி ஒருவரின் ரத்தத்தை அரை லிட்டர் எடுத்துத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய தட்டணுக்கள் பாதாளத்துக்குச் சரிந்தன, வலிப்பு வந்தது, உடம்பெங்கும் செம்புள்ளிகள் தோன்றின. மஜ்ஜையை எடுத்துப் பார்த்தபோது அதில் மெகாகேரியோசைட்டுகள் வழக்கம்போலவே இருந்தன. ஒரு வாரத்துக்குள் அவர் தேறினார். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இப்படி ஒரு சோதனையை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. ஆனாலும் இந்த நோயைப் பற்றி நமக்கு இன்று தெரிந்ததில் பெரும்பகுதி அங்கிருந்துதான் கிளைத்தது.

அந்தச் சோதனையிலிருந்து நேராக வந்து சேரும் முடிவு ஒன்று உண்டு. நல்ல தட்டணுக்களை வெளியிலிருந்து ஏற்றினாலும் அதே எதிர்ப்பான்கள் அவற்றையும் விட்டுவைக்காது. இளமஞ்சள் நிறத்தில், அறை வெப்பத்தில், இயந்திரத்தில் ஆடிக்கொண்டே இருக்கும் தட்டணுப் பைகளின் ஆயுள் ஐந்து நாள். அவற்றுக்காக உறவினர்கள் வாட்ஸ்ஆப் குழுக்களில் கெஞ்சுகிறார்கள், நடு ராத்திரியில் கொடையாளரைத் தேடி அலைகிறார்கள். ஐடிபி நோயாளிக்கு ஏற்றினால் எண் கொஞ்சம் ஏறும். சில மணி நேரத்தில் பழைய இடத்துக்கே வந்துவிடும். அதனால்தான் உயிருக்கு ஆபத்தான ரத்தப்போக்கு இருந்தால் மட்டும், மற்ற மருந்துகளோடு சேர்த்து, இவர்களுக்குத் தட்டணு ஏற்றுகிறார்கள். எண்ணைப் பார்த்துப் பயந்து ஏற்றும் பை, அடுத்த கட்டிலில் இருக்கும் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைக்குக் கிடைக்காமல் போன பையாகவும் இருக்கலாம்.

அந்தக் குழந்தையின் பேச்சை எடுத்ததால் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். கீமோதெரபி எடுப்பவரின் 15,000-மும் ஐடிபி நோயாளியின் 15,000-மும் ஒன்றல்ல. முன்னவரின் மஜ்ஜை வேலைநிறுத்தத்தில் இருக்கிறது; புதிய தட்டணு வருவதில்லை; இருப்பவை வயதானவை. அவர்களுக்கு எண்ணிக்கை 10,000-க்குக் கீழே போனால் ரத்தம் கசியாவிட்டாலும் முன்கூட்டியே ஏற்றுவது முறைதான். ஐடிபி-யில் மஜ்ஜை அணுக்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. சுற்றிவரும் கொஞ்சமும் புதிதாகப் பிறந்தவை, அளவில் பெரியவை, ஒட்டும் திறன் கூடியவை. அதனால்தான் எண்ணிக்கை அதே அளவில் இருந்தும் இவர்களில் பலர் காலில் நாலு புள்ளியோடு சாதாரணமாக நடமாடிக்கொண்டிருக்கிறார்கள்.

டெங்குவிலேயே இந்த எண் மீதான நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 372 டெங்கு நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2017-ல் லான்செட் இதழில் வெளியானது. எல்லோருக்கும் எண்ணிக்கை 20,000 அல்லது அதற்கும் கீழே. பெரிய கசிவு யாருக்கும் இல்லை. பாதிப் பேருக்கு முன்னெச்சரிக்கையாகத் தட்டணு ஏற்றினார்கள், மீதிப் பேருக்கு ஏற்றவில்லை. ஏற்றியவர்களில் நூற்றுக்கு 21 பேருக்கும் ஏற்றாதவர்களில் 26 பேருக்கும் ரத்தக் கசிவு ஏற்பட்டது. புள்ளியியல் கணக்கில் இது வித்தியாசமே இல்லை. ஆனால் பாதகமான விளைவுகள் ஏற்றியவர்களில் 13, ஏற்றாதவர்களில் 2. டெங்குவில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் விழுவதுதான். அதைக் காட்டிக்கொடுப்பது தட்டணு எண்ணிக்கையைவிட, ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதத்தைச் சொல்லும் ஹிமாட்டோகிரிட் என்ற இன்னொரு வரி. ரிப்போர்ட்டில் அது பக்கத்திலேயே அச்சாகியிருந்தும் உறவினர் யாரும் அதைக் கேட்பதில்லை.

சரி, எண்ணைப் பார்க்காமல் எதைப் பார்ப்பது? உடம்பைத்தான். கணுக்காலிலும் முழங்காலுக்குக் கீழேயும் குண்டூசி முனை அளவில் செம்புள்ளிகள் தோன்றும். அரிக்காது, தடிக்காது, தடவினால் கைக்குத் தட்டுப்படாது. ஒரு கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினால் கொசுக்கடித் தடிப்பின் சிவப்பு மறையும். இந்தப் புள்ளி மறையாது. அடிபட்ட ஞாபகமே இல்லாத இடங்களில் கன்றிப்போய் நீலம் பாரித்திருக்கும். இவ்வளவோடு நின்றால் அது தோலில் மட்டும் உள்ள கசிவு. பார்க்கப் பயமாக இருந்தாலும் ஆபத்து குறைவு. டார்ச் அடித்து வாயைத் திறந்து பார்க்கும்போது கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கிலோ கருஞ்சிவப்பாக ரத்தக் கொப்புளம் இருந்தால், மூக்கில் வடியும் ரத்தம் அழுத்திப் பிடித்தும் நிற்காவிட்டால், சிறுநீரிலும் மலத்திலும் ரத்தம் வந்தால், கடும் தலைவலியும் வாந்தியும் சேர்ந்தால், அங்கேதான் அவசரம் தொடங்குகிறது. 8,000 எண்ணிக்கையோடு தோலில் புள்ளி மட்டும் உள்ள குழந்தையைவிட, 25,000 எண்ணிக்கையோடு வாயில் கொப்புளமும் ஈறில் கசிவும் உள்ள குழந்தைதான் மருத்துவரின் கவனத்தை முதலில் கோருகிறது.

குழந்தைகள் விஷயத்தில் சான்று இன்னும் தெளிவு. சளி, காய்ச்சல் வந்துபோன சில வாரங்களில் திடீரென்று புள்ளிகள் தோன்றும். சிகிச்சை ஏதும் இல்லாமலே, ஏறக்குறைய நான்கில் மூன்று குழந்தைகளுக்கு ஓராண்டுக்குள் தானாகவே சரியாகிவிடும். அதனால்தான் அமெரிக்க ரத்தவியல் சங்கம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், கசிவே இல்லாத அல்லது தோலில் மட்டும் லேசாக உள்ள குழந்தைக்கு மருந்து கொடுக்காமல் கண்காணிப்பதே மேல் என்கிறது. 20,000-க்குக் கீழே இருந்தாலும், கசிவு லேசாக இருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்காமல் வீட்டிலிருந்தே வந்து போகச் சொல்லலாம் என்கிறது. நோய் எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் ஸ்டீராய்டு தேவைப்பட்டால்கூட அதைக் குழந்தைக்கு ஏழு நாளுக்கு மேல் நீட்டக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. நம்மூரில் மாதக்கணக்கில் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டை விழுங்கி, முகம் உப்பி, இரவில் தூங்காமல் எரிச்சல்பட்டு, வளர்ச்சி தடைபட்டு நிற்கும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இந்த வரியைப் படித்தால் வயிறு எரியும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் முதல் வாதத்தை லேசாக ஒதுக்க முடியாது. மூளையில் ரத்தம் கசிந்துவிட்டால்? அப்படி நடக்கவே நடக்காது என்று எந்த நேர்மையான மருத்துவரும் சொல்ல மாட்டார். வெளியான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் ஐடிபி குழந்தைகளில் நூற்றுக்கு 0.4 பேருக்கும் பெரியவர்களில் 1.4 பேருக்கும் மூளையில் கசிவு நேர்ந்திருக்கிறது. குறைவுதான், ஆனால் அந்த ஒருவருடைய வீட்டில் அது நூறு சதவீதம். இன்னொரு சான்றையும் மறைக்கக் கூடாது. நெதர்லாந்தில் 206 குழந்தைகளிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், ஒரு பாதிக்கு ஐவிஐஜி என்ற ஊசி மருந்து கொடுக்கப்பட்டது, மறு பாதி கண்காணிக்கப்பட்டது. நோய் நாள்பட்டதாக மாறுவதை அந்த மருந்து திட்டவட்டமாகத் தடுக்கவில்லை. ஆனால் தீவிரமான கசிவு, கண்காணிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 9 பேருக்கும் மருந்து பெற்றவர்களில் ஒருவருக்கும் ஏற்பட்டது. எண்ணைப் பார்த்தே வைத்தியம் செய்ய வேண்டும் என்பவர்களுக்குக் கிடைத்த வலுவான ஆதாரம் இதுதான்.

ஆனாலும் அதே கணக்கை மறுபக்கத்திலிருந்து படித்துப் பார்க்க வேண்டும். மருந்தே கொடுக்காமல் விட்ட நூறு குழந்தைகளில் 91 பேர் தீவிரக் கசிவு இல்லாமல் அந்தக் காலத்தைக் கடந்தார்கள். கசிவு தொடங்கியவர்களுக்குத் தேவைப்பட்டபோது மருந்து கைவசம் இருந்தது. எல்லோருக்கும் கொடுப்பதா, தேவைப்படுகிறவருக்கு உடனே கொடுப்பதா என்பதுதான் இங்கே முடிவெடுக்க வேண்டியது. இரண்டாவதே நியாயம் என்பது என் முடிவு. ஐவிஐஜி ஆயிரக்கணக்கான கொடையாளரின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கும் பொருள். கிலோவுக்கு ஒரு கிராம் கணக்கில் 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 60 கிராம், அதாவது 5 கிராம் குப்பியில் பன்னிரண்டு. ஒரு குப்பியின் விலையே ஆயிரங்களில். அதன் பலனோ சில வாரங்களுக்கு மேல் நீடிப்பதில்லை. நகையை அடகு வைத்து எண்ணை ஏற்றிய குடும்பம், மாதக் கடைசியில் எண் மறுபடி இறங்கியதும் அடுத்த நகையைத் தேடும். மருந்தின் வேலையே அவ்வளவுதான் என்று முதல் நாளே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாவது வாதம் நம் மண்ணுக்கே உரியது. கண்காணிப்பு என்பது போன் பண்ணினால் ஆம்புலன்ஸ் வீட்டு வாசலில் வந்து நிற்கும் நாடுகளுக்குச் சரி. ஜவ்வாது மலையிலிருந்து பஸ் பிடித்து வருகிற தாயிடம் ‘வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்’ என்று எப்படிச் சொல்வது என்கிறார்கள். இதில் பாதி நியாயம் இருக்கிறது. கசிவைப் பார்த்து வைத்தியம் என்ற கொள்கைக்குள்ளேயே ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா, பிள்ளை எவ்வளவு துடுக்கு என்பதெல்லாம் அடங்கும். தூரத்தில் இருப்பவருக்குக் குறுகிய காலச் சிகிச்சை கொடுத்து அனுப்புவதில் தவறில்லை. ஆனால் அது எத்தனை நாளைக்கு, எப்போது நிறுத்துவது என்று சீட்டில் எழுதித் தர வேண்டும். அதே ஏழ்மையும் தூரமும்தான் நீண்டகால ஸ்டீராய்டை இன்னும் ஆபத்தாக்குகின்றன. காசநோயும் சர்க்கரையும் மலிந்த நாட்டில் ஸ்டீராய்டு, உறங்கிக் கிடக்கும் காசநோயை எழுப்பிவிடும், சர்க்கரையை ஏற்றிவிடும். சீட்டைக் காட்டினால் மாதாமாதம் கொடுக்கும் மருந்துக் கடை ஊருக்கு ஊர் இருக்கிறது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க யாரும் கூப்பிடுவதில்லை.

மூன்றாவது வாதம்: சும்மா பார்த்துக்கொண்டிருந்து ரத்தப் புற்றுநோயைத் தவறவிட்டால்? உண்மையில் இந்தக் கேள்வி என் வாதத்தின் பக்கம்தான் நிற்கிறது. எண்ணை மட்டும் பார்ப்பவர்தான் தவறவிடுவார். ஐடிபி-யில் தட்டணு மட்டும் குறைந்திருக்கும், சிவப்பணுவும் வெள்ளையணுவும் சரியாக இருக்கும், மண்ணீரல் பெருத்திருக்காது, எலும்பு வலியோ எடைக் குறைவோ இருக்காது. இவற்றில் ஒன்று பிசகினாலும் மஜ்ஜைப் பரிசோதனை வரை போக வேண்டும். ரத்தப் புற்றுநோய் என்று தெரியாமல் ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் அது நோயைத் தற்காலிகமாக மூடி மறைத்து, கண்டுபிடிப்பதைத் தாமதப்படுத்தும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது, ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்துச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. ஸ்மியர் என்பார்கள். செலவு மிகக் குறைவு. வேண்டியது பழகிய கண்ணும் சில நிமிடப் பொறுமையும். இயந்திரம் தரும் எண்ணில் இந்தப் பொறுமை கிடையாது. ரத்தம் எடுக்கும் ஊதா மூடிக் குழாயில் உள்ள இடிடிஏ என்ற ரசாயனம் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்குத் தட்டணுக்களைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்துவிடும். கொத்தை இயந்திரம் ஒன்றாக எண்ணும், அல்லது எண்ணாமலே விடும். தகட்டின் ஓரத்தில் அந்தக் கொத்துகளைப் பார்த்த டெக்னீஷியன், சிட்ரேட் குழாயில் மறுபடி எடுக்கச் சொல்வார், எண் சரியாகிவிடும். பார்க்காத கூடத்தில் நல்ல ஆளே நோயாளியாகி வெளியே வருவார்.

வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கவனித்துச் சொன்ன ஒன்று இதைவிடச் சுவாரசியமானது. அங்கே ரத்தம் கொடுக்க வந்த மேற்கு வங்கத்துக்காரர்கள் பலருக்குத் தட்டணு எண்ணிக்கை குறைவாகவும் தட்டணுக்கள் பெரிதாகவும் இருந்தன. அவர்களுக்கு ரத்தக் கசிவு எதுவும் இருந்ததில்லை. பிறவியிலேயே அப்படி, நோய் இல்லை. உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் மற்றவருக்கு ரத்தம் கொடுக்க வந்து நின்றவர்கள். இவர்களில் ஒருவர் வேறு ஏதோ காரணத்துக்காக ரத்தப் பரிசோதனை செய்து, ஸ்மியர் பார்க்காத மருத்துவரிடம் போயிருந்தால், வாழ்நாள் முழுக்க ஐடிபி நோயாளி என்ற பட்டத்தோடு ஸ்டீராய்டு தின்றிருப்பார்.

பெரியவர்களுக்கு வரும் ஐடிபி வேறு மாதிரி என்பதையும், அங்கே எண்ணுக்குக் கொஞ்சம் இடம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பெரியவர்களில் பெரும்பாலோருக்கு அது நாள்பட்டதாகிவிடுகிறது. 30,000-க்கு மேல் இருந்து கசிவும் இல்லையென்றால் கண்காணிப்பு, அதற்குக் கீழே போனால் ஸ்டீராய்டு என்பதே அதே 2019 வழிகாட்டுதலின் பரிந்துரை. 60 வயதைத் தாண்டியவர், இதயத்துக்காக ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை சாப்பிடுபவர், அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர் ஆகியோருக்கு எல்லைக்கோட்டை இன்னும் மேலே வரைய வேண்டும். ஆக எண் ஒரு சாட்சி. தீர்ப்பு அதன் கையில் இல்லை. ஸ்டீராய்டும் குறைத்து நிறுத்தும் நாள்களையும் சேர்த்து ஆறு வாரத்துக்குள் முடிய வேண்டும் என்கிறது அந்த ஆவணம். பலருக்கு நிறுத்தியதும் எண் இறங்கும். இறங்கியதும் மறுபடி ஸ்டீராய்டு என்று போகும் சுழலில்தான் எலும்பு தேய்கிறது, கண்ணில் புரை விழுகிறது.

எண்ணை நம்பிக் கெடுவது மறுபக்கமாகவும் நடக்கிறது. ‘உங்களுக்கு நாற்பதாயிரம் இருக்கிறதம்மா, பயமில்லை’ என்று அனுப்பப்படும் பெண்ணிடம் மாதவிடாய் எத்தனை நாள் நீடிக்கிறது, ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், கட்டி கட்டியாகப் போகிறதா என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்? வெளியே ஒரு புள்ளிகூட இல்லாமல் மாதாமாதம் ரத்தத்தை இழந்து, ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கி, படியேறினால் மூச்சு வாங்கும் நிலைக்கு வருபவர்கள் உண்டு. ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் நம் ஊரில் எங்கும் கிடைக்கின்றன. கேள்வி கேட்கத்தான் ஆளில்லை. அசதியும் அப்படித்தான், ஐடிபி நோயாளிகள் அதிகம் புலம்புவது அதைப் பற்றித்தான். அதற்கு ரிப்போர்ட்டில் வரி கிடையாது.

நாள்பட்ட நோயாளிக்கு இப்போது வழிகள் கூடியிருக்கின்றன. மஜ்ஜையைத் தூண்டித் தட்டணு உற்பத்தியைப் பெருக்கும் எல்ட்ராம்போபேக் மாத்திரையும் ரோமிப்ளோஸ்டிம் ஊசியும் 2008-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. எல்ட்ராம்போபேக்கை இன்று இந்திய நிறுவனங்களே தயாரிக்கின்றன. இதிலும் எண்ணை மட்டும் பார்ப்பவருக்குச் சறுக்கல் காத்திருக்கிறது. பால், தயிர், கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை இவற்றோடு சேர்த்து விழுங்கினால் எல்ட்ராம்போபேக் உடம்பில் சரியாகச் சேராது. அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ நான்கு மணி நேரம் பின்போ சாப்பிட வேண்டும். மத்தியானம் தயிர் சாதம் சாப்பிட்ட கையோடு மாத்திரை போடும் நோயாளிக்கு எண் ஏறாது. ‘மருந்து கேட்கவில்லை’ என்று அளவைக் கூட்டுவார்கள். மண்ணீரலை அகற்றும் அறுவை சிகிச்சை இன்றும் மூன்றில் இரண்டு பேருக்கு நீண்டகாலப் பலன் தருகிறது. ஆனால் தானாகவே சரியாகும் வாய்ப்பு இருப்பதால் ஓராண்டாவது பொறுக்கச் சொல்கிறார்கள். அறுவைக்கு முன்பே நிமோனியா, மூளைக்காய்ச்சல் தடுப்பூசிகளும் போட்டாக வேண்டும்.

பப்பாளி இலைச் சாறு பற்றி ஒரு வார்த்தை. டெங்குவில் அது எண்ணை ஏற்றுமா என்று விவாதிப்பவர்கள் விவாதிக்கட்டும். ஐடிபி-யில் சிக்கல் நோய் எதிர்ப்பு மண்டலத்தில். அதைத் திருத்தும் என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை. குடிப்பவருக்கு எண் ஏறினால், நான்கில் மூன்று குழந்தைகளுக்குத் தானாக ஏறும் நோயில் அதற்கான பெருமை இலைக்குப் போய்ச் சேர்வது இயல்பு. வீட்டுப் பெரியவர்கள் கொடுப்பதைவிட எனக்குக் கவலை தருவது, மூட்டுவலிக்கும் காய்ச்சலுக்கும் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன், ஆஸ்பிரின் மாத்திரைகள்தான். இருக்கும் கொஞ்சத் தட்டணுவின் ஒட்டும் திறனையும் இவை கெடுத்துவிடும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். புட்டத்தில் போடும் ஊசியையும் தவிர்க்க வேண்டும்.

மருத்துவர்களை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. மருந்தே கொடுக்காமல் ‘பத்து நாள் கழித்து வாருங்கள்’ என்று சொல்லும் மருத்துவரை நாம் எப்படி நடத்துகிறோம்? ஒன்றும் தெரியாதவர் என்று சொல்லி அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். ஏதாவது ஆகிவிட்டால் சட்டையைப் பிடிப்பார்கள் என்ற பயத்தில் அவரும் ஊசியைப் போட்டுவிடுகிறார். காப்பீடு இதில் எண்ணெய் வார்க்கிறது. பொதுவாகப் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம். வீட்டிலிருந்தபடி வந்து பார்த்துப்போகும் நோயாளிக்கும் மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கும் பெரும்பாலான திட்டங்களில் இடமில்லை. கண்காணிப்பு என்ற மலிவான, சரியான வைத்தியத்துக்கு யாரும் பணம் தருவதில்லை. அவசியமில்லாத சேர்க்கைக்குத் தருகிறார்கள். ‘பிளேட்லெட் குறைவு, உடனே மருத்துவரைப் பாருங்கள்’ என்று சிவப்பு எழுத்தில் அச்சடித்துத் தரும் கூடங்களுக்கும் இந்தப் பயத்தில் பங்கு உண்டு.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்களும் இல்லை. 1 லட்சத்துக்குக் கீழே எண் வந்தால் ஸ்மியர் பார்க்காமல் ரிப்போர்ட் வெளியே போகக் கூடாது என்று எல்லா ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கும் அரசு கட்டளையிடலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் ரத்தவியல் மருத்துவர் வாரத்துக்கு ஒரு நாளாவது உட்காரவோ, வீடியோ அழைப்பில் கிடைக்கவோ வழி செய்யலாம். ஸ்டீராய்டு எழுதும் ஒவ்வொரு சீட்டிலும் நிறுத்தும் தேதியையும் எழுதச் சொல்லலாம். காப்பீட்டுத் திட்டத்தில் நாள்பட்ட நோயாளிகளின் மாத்திரைக்கு இடம் தரலாம். இவை நடக்கும்வரை ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கி நிற்பவர்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை மூன்று: ஸ்மியர் பார்த்தீர்களா, தோலைத் தவிர வேறெங்காவது ரத்தம் கசிகிறதா, இந்த மருந்தை எந்தத் தேதியில் நிறுத்துவோம்? தயங்காமல் கேளுங்கள்.